தரநிலை வகுக்கும் அவையில் பொதுமக்கள்

தமிழ் எழுத்துகள் கைப்பேசியில் சிதையாமல் தெரிவதை இன்று யாரும் வியப்பாகக் கருதுவதில்லை. 1990களில் ஒருவர் அனுப்பிய மடலை, அதே எழுத்துரு தம் கணினியில் இல்லாத மற்றொருவரால் படிக்க இயலாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முனைந்தவர்களில் நிறுவனப் பொறியாளர்களைவிட ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஓய்வு நேரத்தில் எழுத்துரு வடித்த ஆர்வலர்களுமே முன்னின்றனர் என்பது என் எண்ணம். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997-இல் இங்கே நடத்திய, கணினித் தமிழ் பற்றிய தமிழ்நெட் மாநாடும், 2000-இல் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டையொட்டி உருவான, தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பும் அதற்குச் சான்றுகள். இடையில், 1999-இல் சென்னையில் நடந்த மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கு வழிவகுத்தது.

ஆனால் தரநிலைகளில், அதாவது எல்லாரும் ஒன்றாகப் பின்பற்ற ஏற்கும் தொழில்நுட்ப விதிகளில், காலம் தாழ்த்திப் பேசுவதற்குப் பயன் மிகக் குறைவு. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுவான எண்களை வழங்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களின் அமைப்பு, இந்தியாவின் இஸ்கி குறியீட்டைத் தழுவி 1991-இலேயே வந்துவிட்டது. அதில் ஆய்த எழுத்துக்கு, வடமொழிக் குறி ஒன்றின் பெயரான ‘விசர்க்கம்’ என்ற பெயர் இடப்பட்டிருக்கிறது. ஒருமுறை ஏற்ற பெயரையும் இடத்தையும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான கொள்கை; உலகெங்கும் சேமிக்கப்பட்ட ஆவணங்கள் குலையாதிருக்க அது தேவையும்கூட. ஆகவே அந்தப் பிழை விளக்கக் குறிப்போடு அப்படியே நிற்கிறது. தமிழ் அறிந்த பொதுமக்கள் வரைவு நிலையிலேயே அதைப் படித்திருந்தால் அது நேர்ந்திராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பங்கேற்கத் தடை ஏதுமில்லையே என்று சிலர் கேட்கலாம். யூனிகோடுக்கு எவரும் முன்மொழிவு அனுப்பலாம். வாக்கு மட்டும் கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களுக்கு. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பில் உறுப்பினர் முறையே கிடையாது. அதன் கூட்டங்கள் 2017-இலும் 2019-இலும் சிங்கப்பூரிலேயே நடந்தன. மனித உரிமைகளை நெறிமுறை வடிவமைப்பில் எவ்வாறு கருதுவது என்று ஆராயும், ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையின் 8280-ஆம் ஆவணம் 2017-இல் வெளிவந்ததற்கும் பொதுநல ஆர்வலர்களின் விடாமுயற்சி ஒரு காரணம். ஆயினும் நிறுவனத்தின் சார்பில் வருபவருக்கு அவ்வேலைக்கே சம்பளம் கிடைக்கிறது. ஆர்வலரோ விடுப்பெடுத்து, கட்டணமும் பயணச் செலவும் தாமே ஏற்று, முடிவை எட்டப் பல ஆண்டுகள் ஆகும் விவாதத்தைத் தொடர வேண்டியிருக்கிறது. பலர் பாதியில் விலகுவது ஆர்வக் குறைவால் அன்று.

சிங்கப்பூரின் தேசியத் தரநிலை வரைவுகளும் பொதுமக்களின் கருத்துக்கு வெளியிடப்படுகின்றன. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்காக உழைக்கும் நம் அமைப்புகள், தங்கள் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, கணினி அறிந்த இளையர் இருவரையாவது இத்தகைய குழுக்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.