மொட்டை அடித்த வேம்பு

புரட்டாசி பிறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, மழைக்கு முன்னாடி வந்து வாசல் வேம்பை மொட்டை அடிச்சிருங்க." பட்டுக்கோட்டைப் பக்கம் கஜா புயல் அடித்துவிட்டுப் போனதிலிருந்து இந்தப் போன்கள் கூடிவிட்டன. பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ராத்திரி நானும் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தேன்.

மரம் வெட்டும் தொழிலுக்கு வந்த புதிதில் மொட்டை அடிப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. ஏறு, நாலு பெரிய கொம்பையும் கட்டையாக ஒரு முட்டி மட்டும் நிற்கிற மாதிரி தறி, இறக்கு, செங்கல் காளவாய்க்கு ஏற்று. அரை நாள் வேலை. வீட்டுக்காரருக்கும் திருப்தி, வெளிச்சம் வந்துவிட்டது என்பார். அடுத்த வருஷம் வெட்டின இடத்தில் குச்சி குச்சியாகத் துளிர்த்து, "பாருங்க, மரம் நல்லா தழைஞ்சிருச்சு" என்றும் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அப்பா அறுப்பு வேலைக்காரர். பரண் கட்டி மரத்தை மேலே ஏற்றி, கரித்தூளில் முக்கிய நூலை அடித்து, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக இழுக்கிற பெரிய வாள். மேலே நிற்பவன் நூலைப் பார்ப்பான், கீழே நிற்பவன் தூளைத் தின்பான் என்பார். அவர் இருபது வருஷம் தூளைத் தின்றவர். நான் செயின்சா மெஷின் வாங்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுல பலகை அறுக்க முடியுமாடா?" முடியாது, இது துண்டு போடத்தான் என்றேன். அது தப்பு என்று தெரிய அவர் போய்ப் பல வருஷம் ஆக வேண்டியிருந்தது.

2018 நவம்பர் 16 விடிகாலையில் புயல் கரை ஏறியது. முதல் பத்து நாள் ரோட்டையும் வீட்டையும் அடைத்துக் கிடந்ததை எடுக்கவே சரியாக இருந்தது. விழுந்ததில் தென்னைதான் அதிகம். வெளியே இரும்பு, உள்ளே பஞ்சு, அதை அறுப்பது வேறு கதை. ஆனால் பலா, பூவரசு, வேம்பு என்று வைரம் பாய்ந்த மரங்களும் கொல்லைக்குக் கொல்லை கிடந்தன. மரம் அறுக்கும் மில்லுக்கு ஏற்றினால் லாரி வாடகை மரத்தின் விலையைத் தாண்டியது. எல்லாம் விறகாகத்தான் போயிற்று. அப்போதுதான் மரத்தை மில்லுக்குக் கொண்டுபோகாமல் மில்லை மரத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. செயின்சாவின் பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளப் பட்டையை, கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டகம் ஒன்றை உள்ளூர் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தேன். மரத்தின் மேல் அலுமினிய ஏணியை ஆணி அடித்து நிறுத்தி, அதன்மேல் சட்டகத்தைத் தள்ளிக்கொண்டு போனால் முதல் வெட்டு மட்டமாக வரும். பிறகு ஏணி வேண்டாம். அறுத்த முகமே தண்டவாளம்.

முதல் பலகை கடல் அலை மாதிரி வந்தது. குறுக்கே தறிக்கிற செயினுக்குப் பல்லின் சாய்வு 30 டிகிரி. நீளவாக்கில் அறுக்க அதை அரம் போட்டு 10 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். தூள் ரவை மாதிரி வந்தால் சரி. மாவு மாதிரி வந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடு. வெட்டின வாய் பாரை நெருக்காமல் பின்னாலேயே ஆப்பு வைத்துக்கொண்டு வர வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இதில் லாபம் குறைச்சல். செயின் ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும். பத்து வெட்டுக்கு மூன்றரை அங்குலம், அதாவது மூன்று ஒரு அங்குலப் பலகை காற்றில். மில்லில் ஓடும் மெல்லிய பட்டை வாளான பேண்ட்சாவில் இவ்வளவு போகாது. இதற்கு மேல், ஒரு வெட்டு முடிகிறவரை மெஷினை முழு வேகத்தில் விட்டுப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அதிர்வில், இப்போது மார்கழிக் காலையில் டீ கிளாஸைப் பிடித்தால் இரண்டு விரலுக்குச் சூடே தெரிவதில்லை, வெளுத்துக் கிடக்கின்றன. மரத்துப்போச்சு என்று நாம் சொல்வது சும்மா இல்லை.

தலைப்பில் சொன்ன அந்த வேம்புக்கு வருகிறேன். ஒரு வீட்டு அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வாசல் வேம்பில் இரண்டு கொம்பு முறிந்து அடிமரமும் பிளந்திருந்தது. "தம்பி, வெட்டித்தான் ஆகணும். ஆனா காளவாய்க்குக் குடுத்துராத. அவரு வச்ச மரம். ஒரு ஊஞ்சப் பலகையாச்சும் எடுத்துக் குடு." அண்ணாந்து பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. 2010-ல் இதே மரத்தை மொட்டை அடித்தவன் நான்தான். முறிந்த இரண்டும் நான் தறித்த இடத்தில் முளைத்தவை. தொடை பருமன் இருந்தும் பட்டைக்கு அடியில் ஒட்டவைத்தது போலப் பிய்ந்து வந்திருந்தன.

அடிமரத்தை இறக்கி முதல் முகத்தைத் திறந்தேன். ஓரத்தில் வெளிறிய வெள்ளை, உள்ளே செம்பழுப்பு வைரம், அந்த வாசனை. மூன்றாவது பலகையைத் தூக்கியபோது மேலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அடுத்ததில் அது இரண்டு விரல் அகலம். தொட்டால் ஈரமான காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. நாலு கொம்புக்கும் நாலு கோடு, எல்லாம் நான் வெட்டின முட்டியிலிருந்து கிளம்பி வைரத்துக்குள் போயிருந்தன. முட்டிக்கு மேல் அன்றைக்கு நான் பூசிய தாரும் அப்படியே இருந்தது, கூரைக்குப் பூசினது மாதிரி பத்திரமாக. மேலே தார், கீழே மழைத்தண்ணி தேங்கிய குழி. ஊஞ்சலுக்கு நல்ல பலகை ஒன்றுதான் தேறியது. கூலி வாங்கவில்லை, ஏன் என்று அந்த அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொன்னார்கள். 1959 முதல் 1985 வரை அந்நாட்டு வனத்துறையில் இருந்தவர். ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நீளவாக்கில் பிளந்து பார்த்தே, மரத்துக்குப் புண் ஆறுவதில்லை, கெட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு வெளியே புதிதாக வளர்கிறது என்று கண்டவர். கொம்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போல ஒரு வீக்கம் இருக்குமே, அதற்கு வெளியே ஒட்டி வெட்டினால் மரம் அடைத்துக்கொள்ளும். முட்டி விட்டாலும் கெடுதல், வீக்கத்தோடு சேர்த்துச் செதுக்கினாலும் கெடுதல். பக்கத்தில் இருந்த பையன்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வேம்புதான் கண்ணில் நின்றது.

அதில் கறுப்புக் கோடு ஓடிய இரண்டடித் துண்டை வண்டியில் சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மொட்டை கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன். போன மாதம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் காட்டி, எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். தடவிப் பார்த்தார். "பலகை நல்லா இருக்கு தம்பி, இழைச்சா மணைக்கு ஆகும். அது இருக்கட்டும், நம்ம மரத்த எவ்வளவு உயரத்துல நறுக்கப் போறீங்க?"

காய்ந்த கொம்பு மூன்றும் கூரை ஓட்டை உரசிக்கொண்டிருந்த ஒன்றும்தான் இறக்கினேன். கீழே வந்து கயிற்றைச் சுருட்டும்போது அவர் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலையே செய்யலையே என்று முந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.