நிறுத்திய இடம்

என்னிடம் பியானோ கற்கும் ஒரு பெண்ணுக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டு போகும்போது நான் வருத்தம் தெரிவிக்க வந்திருப்பதாகத் தோன்றக்கூடும். "நான் தப்பாக வாசிப்பதால் நிறுத்துகிறீர்களா மிஸ், நன்றாக வாசிப்பதால் நிறுத்துகிறீர்களா?" என்று கேட்டாள். "இரண்டுக்கும்தான். மறுபடி வாசி" என்றேன். அவ்வளவுதான். அவள் அழவில்லை, நானும் குரலை உயர்த்தவில்லை. மறுபடி வாசித்தாள்.

வாசித்துக்கொண்டிருந்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ், இரண்டு கைகளும் தனித்தனிக் குரல்களாகப் பாடும்படி எழுதிய பயிற்சித் துண்டுகளான இரு குரல் இன்வென்ஷன்களில் நான்காவது, டி மைனர். அதை நான் முதலில் வாசித்துக் காட்டியபோதே, "இது கீரவாணி மிஸ்" என்றாள். உண்மைதான். மேற்கில் ஹார்மோனிக் மைனர் என்று சொல்லும் ஸ்வர வரிசையும் நம்முடைய 21ஆவது மேளகர்த்தா ராகமான கீரவாணியும் ஒன்றே. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. எங்கள் காரைக்குடி கொப்புடைய அம்மன் கோயில் திருவிழாவில் கேட்ட நாதஸ்வரத்தை வீட்டுக்குப் போய்க் கீபோர்டில் தேடித் தேடி வாசித்துவிட்டு, ராகத்தின் பெயரை அப்பத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளை. கோடையில் என் பியானோவின் ஒரு கட்டையை மட்டும் அழுத்திப் பார்த்து, "இறங்கியிருக்கிறது" என்பாள். சித்திரை வெயிலில் காற்றில் ஈரம் குறைந்தால் ஒலிப்பலகை சுருங்கும், தந்திகள் தளரும், சுருதி இறங்கும். சுருதி சேர்ப்பவர் மதுரையிலிருந்து வந்து அளந்து சொல்வதை அவள் உட்கார்ந்ததும் சொல்லிவிடுவாள். இப்படி ஒரு காது உள்ள பிள்ளை வந்து சேர்ந்தால் ஆசிரியருக்குப் பேராசை வந்துவிடுகிறது. எனக்கு வந்தது.

சிக்கல், இடக்கையில் வரும் நீண்ட டிரில். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி, பல பார்கள் (தாள அளவுகள்) நீளத்துக்குச் சீராக அதிரவைக்க வேண்டும். அதே நேரத்தில் வலக்கை தன் வழியில் பாடிக்கொண்டு போக வேண்டும். அவள் வலக்கையை அவ்வளவு அழகாகப் பாடவிட்டு, இடக்கை தளர்கிற இடத்தில் ஒலியைக் குறைத்து மூடிவிடுவாள். கேட்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அங்கே நிறுத்தினேன். மறுபடி வாசித்தாள், மறுபடி அங்கேயே நிறுத்தினேன்.

அவளுக்கு முந்தைய பாடம் ஒரு சிறுவனுடையது. தட்டுத்தடுமாறி முடித்தான். "நன்றாக இருந்தது, அடுத்த வாரமும் இதையே வாசிப்போம்" என்று அனுப்பிவைத்தேன். அவள் கூடத்துப் பட்டாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கேள்வி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்தச் சிறுவன் சந்தோஷத்துக்காக வருகிறான். அவனிடம் நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில்தான் எனக்கு இனிமையாகப் பேச வருகிறது என்பதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எப்படி ஊகிக்கும்? ஊகிக்கட்டும் என்றுதான் "இரண்டுக்கும்" என்றேன். என் அளவில் அது பாராட்டு. எந்த மாணவருக்கும் அதைவிடப் பெரிய பாராட்டை நான் கொடுத்ததில்லை.

மற்றபடி அவளுக்குப் பாராட்டுக்குக் குறைவே இல்லை. அவளுடைய ஐயாவின் (தாத்தாவின்) எழுபதாம் வயது பீமரத சாந்தியன்று வீட்டு வளவில் கீபோர்டு வாசித்தபோது ஆச்சிமார் அத்தனை பேரும் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்கள். அன்றும் இடக்கை தளர்ந்தது. சென்னையில் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க அதே வகுப்பில் நான்கு பேர் இருப்பார்கள், பக்கத்தில் இருப்பவளே சொல்லிவிடுவாள். இங்கே சொல்வதற்கு நான் ஒருத்திதான். நானும் கன்னத்தைத் தடவிவிட்டால் அவளுக்கு யார் சொல்வது?

இவ்வளவு நியாயம் பேசிய பிறகு, பியானோவுக்குள் இருப்பதையும் சொல்ல வேண்டும். என்னுடையது சுவரோரம் நிற்கும் அப்ரைட். அதில் ஒரு கட்டையை மறுபடி அடிக்க, அது ஏறக்குறைய முழுவதும் மேலே வந்தாக வேண்டும். கிராண்ட் பியானோவில் அப்படி இல்லை. 1821இல் பியானோ தயாரிப்பாளர் எரார் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழியில், கட்டை முழுதாக எழும்பாமலே சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். டிரில் அங்கே எளிது. அவள் வீட்டில் இருப்பதோ எடையே இல்லாத 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு. அங்கே வந்த டிரில் இங்கே வரவில்லை. விரலின் குறை எவ்வளவு, கருவியின் குறை எவ்வளவு என்று அன்று நான் பிரித்துச் சொல்லவில்லை. சொன்னால் அதையே சாக்காக எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டிருப்பாளா? சாக்குச் சொல்லி நான் அவளைப் பார்த்ததே இல்லை. 1723இல் பாஹ் இந்த இன்வென்ஷன்களுக்கு எழுதிய முன்னுரையில், இரண்டு குரல்களைச் சுத்தமாக வாசிக்கக் கற்பதோடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவது போன்ற வாசிப்பை அடைய வேண்டும் என்கிறார். அந்த மேலான பகுதி அவளிடம் வரும்போதே இருந்தது.

காரைக்குடியில் கண்டிப்பு என்று பேச்செடுத்தால் வீணையில்தான் போய் நிற்பார்கள். வீணை வித்வான் காரைக்குடி சாம்பசிவ ஐயரிடம் சின்னஞ்சிறு வயதில் சேர்ந்த ரங்கநாயகி ராஜகோபாலன், அவருடைய வீட்டிலேயே வளர்ந்து குருகுலமாகக் கற்றார். அப்படிக் கற்றுக்கொடுத்ததால்தான் காரைக்குடி பாணி பிழைத்தது என்று இந்தப் பெண்ணின் அப்பச்சியே (அப்பாவே) என்னிடம் சொன்னார். மகளிடம் கண்டிப்பாக இருங்கள் என்று அவர் சொல்ல வந்தது அது. எனக்கும் சில நாட்கள் அதில் ஆறுதல் இருந்தது. பிறகு ஒன்று உறைத்தது. குருகுலத்தில் சிஷ்யை குருவின் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறாள். காலையில் கடுஞ்சொல் கேட்டால், பொழுது சாய்வதற்குள் அவருடைய வேறு முகங்களையும் பார்த்துவிடுவாள். என்னிடம் இருப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதில் நான் நிறுத்துவது மட்டும்தான் தெரியும். அவள் போன பிறகு, அந்தச் சின்னக் கைக்கு எந்த விரல்கள் தோதாக இருக்கும் என்று இரவில் அதே டிரில்லை நான் வாசித்துப் பார்ப்பது தெரியாது. கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த வீட்டை நாம் விட்டுவிட்டோம். அப்படியானால் கண்டிப்பையும் விட்டுவிட வேண்டுமா? அதற்கும் என் மனம் ஒப்பவில்லை.

டிரில் வந்துவிட்டது. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் பியானோ தேர்வில் 100க்கு 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன்; அவள் அதைத் தாண்டினாள். இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் இனிப்பு கொண்டுவந்த அவளுடைய அம்மா, போகிறபோக்கில், "இப்போதெல்லாம் உங்கள் பாடத்தைத் தவிர வேறு எதையும் அவள் வாசிப்பதில்லை மிஸ்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். கோயிலில் கேட்டதையெல்லாம் வாசிப்பாளே என்றேன். "அதெல்லாம் விட்டுவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது." அவளிடம் கேட்டேன். "நேரமில்லை மிஸ்." பத்தாம் வகுப்பு, டியூஷன், நேரம் இல்லாததும் உண்மைதான். அதற்கு மேல் நான் தோண்டவில்லை.

சென்ற மாதம் ஹைடன் சொனாட்டா ஒன்றை வாசித்தபோது, எங்கும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். இரண்டு இடங்களில் பிழை. கடைசி வரை விட்டேன். முடித்துவிட்டுத் திரும்பியவளின் முகத்தில் பயம் இருந்தது. "ஏன் நிறுத்தவில்லை மிஸ்?" அந்தச் சிறுவனின் வரிசையில் தன்னையும் சேர்த்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு நிம்மதி வந்தது, என் பதிலை அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று. வீடு அமைதியான பிறகு அதே விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. நான் நிறுத்தாமல் அவளால் தன் வாசிப்பை மதிப்பிட முடியவில்லை. சுருதி இறங்கியதை என்னிடம் சொன்ன காது அது.

அவளைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்று அவளுடைய அப்பச்சி கேட்டிருக்கிறார். அங்கே நல்ல கிராண்ட் பியானோக்கள் இருக்கின்றன, அவளைவிட நன்றாக வாசிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அனுப்புங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால், அவள் கோயிலில் கேட்டு வாசிக்கும் கீரவாணியை ஒருமுறை கேட்க வேண்டும் என்று இருக்கிறது. எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. நான் கேட்டால், அடுத்த வாரம் அதையும் பாடமாகத் தயார் செய்துகொண்டு வந்து நிற்பாள்.