சாப்டேன்னு சொன்னா நம்பிடாதீங்க

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா கோத்தகிரி பக்கத்துல அதே வீட்டுல தனியாத்தான் இருக்காங்க, கோயம்புத்தூருக்கு வாங்கன்னா வர மாட்டாங்க. தெனம் ராத்திரி போன் பண்ணி சாப்டீங்களாம்மான்னு கேப்பேன், சாப்டேன்னு சொல்வாங்க, நானும் நிம்மதியா வெச்சிடுவேன்.

போன மாசம் ஒரு நாள் பதினோரு மணிக்கு வேர்த்து கை நடுங்கி வாசப்படிலயே உக்காந்துட்டாங்க. பக்கத்து வீட்டு அக்காதான் சர்க்கரைத் தண்ணி குடுத்து பாத்துக்கிட்டாங்க. மறுநாள் காலைலயே பஸ் ஏறிட்டேன். போய் பாத்தா குக்கர் மேல தூசி, ஃப்ரிட்ஜ்ல என்னைக்கோ வெச்ச ரசம், டின் நெறய வர்க்கி பிஸ்கட். "ஒருத்திக்குன்னு எதுக்குப்பா குக்கர் வெச்சுகிட்டு"ன்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு பேச்சே வரல. அப்பா இருந்தப்ப மூணு வேளையும் அடுப்பு எரிஞ்ச வீடு அது.

டாக்டர் சொன்னது இதான்: அம்மா சுகருக்கு போடுற கிளிமிபிரைடு மாத்திரை நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும் இன்சுலினை சுரக்க வெக்கும், அதனால வெறும் டீ வர்க்கியோட மாத்திரைய போட்டுட்டு இருந்தா திடீர்னு சுகர் இறங்கிடும். ஆனா மூணு மாச சராசரி சுகர் (HbA1c டெஸ்ட்) பாத்தா 8.9 சதவீதம், அதாவது ஏறவும் ஏறுது இறங்கவும் இறங்குது. குளிருக்கு ஒரு நாளைக்கு ஆறு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன், அதுவே கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை. 2000 கலோரி சாப்பிடுறவங்களுக்கே அதுக்குள்ள வெச்சுக்க சொல்லுது உலக சுகாதார நிறுவனம், அம்மா அவ்ளோ எங்க சாப்பிடுறாங்க.

எனக்கு புதுசா தெரிஞ்சது புரோட்டீன் விஷயம். சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரைல ஒரு பெரிய பங்கை இழுத்துக்கறது தசைதானாம், வயசானா தசை தானா கரையும், பருப்பு முட்டை இல்லாம வெறும் ரசஞ்சோறு வர்க்கின்னு ஓட்டினா இன்னும் வேகமா கரையும், அப்புறம் சுகர் எங்க போகும்? அம்மா 50 கிலோ, நாளைக்கு 40 கிராமாவது வேணும், நான் கணக்கு போட்டா பாதி கூட தேறல.

இப்ப பக்கத்து வீட்டு அக்காவும் அம்மாவும் மத்தியானம் ஒண்ணா சாப்பிடுறாங்க, ஒரு நாள் இவங்க வீடு ஒரு நாள் அவங்க வீடு. அக்காவும் தனி ஆள்தான். ரெண்டு பேருன்னதும் அம்மா தானா அவரைக்கொட்டைய ஊற வெக்கறாங்க! 2023லேர்ந்து நீலகிரி ரேஷன்ல 2 கிலோ அரிசிக்கு பதிலா ராகி தர்றாங்க இல்ல, அது மூட்டையா அப்படியே கெடந்துச்சு, இப்ப களி ஆகுது. களியும் நெறய சாப்பிட்டா சுகர் ஏத்தும், அதனால சின்ன உருண்டை, குழம்பு நெறய. காலைல ஒரு முட்டை. டீ மூணாச்சு, சர்க்கரைய இன்னும் முழுசா விடல, போகட்டும். மாத்திரையையும் டாக்டரே மாத்திட்டாரு, நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க.

போன்ல இப்பல்லாம் சாப்டீங்களான்னு கேக்கறதில்ல, என்ன கொழம்புன்னு கேக்கறேன். நேத்து பத்து நிமிஷம் கொழம்பு பத்தியே பேசினாங்க, அக்கா காரத்த அள்ளி போட்டுட்டாங்களாம்.