மோட் 13-இல் பிக்சல்: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 6

பழைய பிசியில் அசெம்ப்ளி மொழியில் திரைப்புள்ளி (பிக்சல்) வரைவது பற்றிய குறிப்புகள் இவை. ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்; மேல்பாதி ஏஎச், கீழ்ப்பாதி ஏஎல்) ஹெக்ஸ் (16 அடிமான எண்முறை) 13 வைத்து, பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் திரைச் சேவையான இன்டரப்ட் ஹெக்ஸ் 10-ஐ அழைத்தால் 320×200, 256 நிறம். பிக்சலுக்கு ஒரு பைட், மொத்தம் 64,000. ஏ000 என்ற ஒரே செக்மென்டுக்குள் (64 கேபி நினைவகத் துண்டு) முழுத்திரையும் அடங்கிவிடுகிறது. 1987-இல் வந்த விஜிஏ என்ற திரை வன்பொருள் தந்த பெரிய வரம் இதுதான். பிக்சல் போட பயாஸிலேயே ஒரு சேவை உண்டு (ஏஎச்சில் ஹெக்ஸ் 0சி). அந்தப் பக்கம் போகவே வேண்டாம். புள்ளிக்குப் புள்ளி இன்டரப்ட், மோட் சோதனை, ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்பது என்று சுற்றுகிறது. உண்மையில் எழுத வேண்டியது ஒரே ஒரு பைட்.

ஜனவரி 7

நினைவகத்தில் புள்ளியின் இடம் = ஒய் × 320 + எக்ஸ் (ஒய் எத்தனையாவது வரி, எக்ஸ் வரிக்குள் எத்தனையாவது புள்ளி). 8086 செயலியில் 16 பிட் பெருக்கலுக்கு 118 முதல் 133 கடிகாரத் துடிப்பு வரை ஆகும். 320 என்பது 256 + 64, பெருக்கலே தேவையில்லை. ஒய் 200-ஐத் தாண்டாது, ஒரு பைட்டில் அடங்கும். அதை ஏஎச்சில் போட்டு ஏஎல்லைப் பூஜ்யமாக்கினால் 256 மடங்கு ஆயிற்று. டிஐ ரெஜிஸ்டரில் ஒரு நகல் வைத்துக்கொண்டு ஏஎக்ஸை இரண்டு தரம் வலப்பக்கம் ஷிஃப்ட் செய்தால் (பிட்களை நகர்த்தினால், ஒவ்வொரு தரமும் பாதியாகும்) 64 மடங்கு. இரண்டையும் கூட்டி எக்ஸைச் சேர்த்தால் விலாசம் தயார்.

8086-இன் உறவான 8088 செயலியில் கையேட்டுத் துடிப்புக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. கட்டளையின் ஒவ்வொரு பைட்டையும் எடுத்துவரவே 4 துடிப்பு வேண்டும். 2 துடிப்பு என்று போட்டிருக்கும் ஷிஃப்ட் இரண்டு பைட் நீளம், ஆகவே தொடர்ந்து ஓடும்போது 8 துடிப்பு. அங்கே கட்டளை குட்டையாக இருந்தால்தான் வேகம்.

ஜனவரி 9

எல்லைச் சோதனை இல்லாவிட்டால்: எக்ஸ் 320 ஆனால் புள்ளி அடுத்த வரியின் இடது ஓரத்தில் முளைக்கும். ஒய் 200 முதல் 203 வரை போனால் திரைக்கு வெளியே உள்ள நினைவகத்தில் விழும். ஒன்றும் தெரியாது, பிழையும் ஒளிந்துகொள்ளும். ஒய் 205 ஆனதும் 65,600 என்பது 16 பிட்டில் சுற்றி 64 ஆகி, மேல்வரியில் புள்ளி வரும். சோதனையைப் பிக்சலுக்குள் வைக்காமல், கோட்டின் இரு முனைகளை முதலிலேயே வெட்டிக்கொள்வது நல்லது.

ஜனவரி 10

கோட்டுக்குப் பிக்சல் ரூட்டீனை (புள்ளி போடும் துணைநிரலை) அழைப்பதே வீண். விலாசத்தை ஒரு தரம் கணக்கிட்டால் போதும். செங்குத்துக் கோடா, ஒவ்வொரு புள்ளிக்கும் 320 கூட்டு. கிடைக்கோடா, நிறத்தை ஏஎல், ஏஎச் இரண்டிலும் நிரப்பி ரெப் ஸ்டோஸ்டபிள்யூ (இரண்டிரண்டு பைட்டாகத் தொடர்ந்து எழுதும் கட்டளை). தொடக்கம் ஒற்றைப்படை என்றால் முதலில் ஒரு பைட் எழுதிவிட வேண்டும். இல்லையேல் 16 பிட் பஸ்ஸில் (தரவு செல்லும் தடம்) ஒவ்வொரு வேர்டும் (இரண்டு பைட்) இரண்டாக உடையும். கடைசியில் ஒரு பைட் மிஞ்சினால் தனியாக எழுதுக. முன்னதாக சிஎல்டி (திசைக்கொடியை இறக்கும் கட்டளை) கட்டாயம்: திசைக்கொடி ஏறியிருந்தால் கோடு பின்னோக்கி ஓடும்.

ஜனவரி 13

மினுக்கலுக்கு மருந்து, சாதா ரேமில் 64,000 பைட் இடையகம். அங்கே வரைந்து ரெப் மூவ்ஸ்டபிள்யூ என்ற நகல் கட்டளையால் திரைக்கு நகலெடுக்கலாம். நேரம் பார்க்க போர்ட் (வன்பொருளைப் படிக்கும் வாசல்) ஹெக்ஸ் 3டிஏ, பிட் 3: திரைக்கதிர் கீழிருந்து மேலே திரும்பும் ரீட்ரேஸ் நேரத்தில் அது 1. முதலில் அது 0 ஆகும்வரை, பிறகு 1 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். 1-க்கு மட்டும் காத்திருந்தால், ரீட்ரேஸின் கடைசி நொடித்துணுக்கில் நுழைந்துவிட நேரும்.

ரீட்ரேஸுக்குள்ளேயே நகல் முடியாது. கார்டைச் செருகும் 8 மெகாஹெர்ட்ஸ் ஐசா பஸ்ஸில் வேர்டுக்கு 3 துடிப்பு என்றாலும் 32,000 வேர்டுக்கு 12 மில்லிவினாடி. முடியவும் தேவையில்லை. 70 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் சுமார் 14.3 மில்லிவினாடி, ரீட்ரேஸ் தொடங்கியதுமே கிளம்பினால் நகல் கதிருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். கார்டு மெதுவானதாக இருந்தால் கதிர் எட்டிப்பிடித்து, படம் பாதியில் கிழியும். அப்போது மாறிய செவ்வகங்களை மட்டும் நகலெடுக்க வேண்டியதுதான்.