வெட்டிய செம்பருத்திக் கட்டையிலிருந்து புதுச் செடிகள்

சிங்கப்பூரில் எங்கள் சமூகத் தோட்டத்தில் என் பாத்தியில் நின்ற செம்பருத்தியை மாவுப்பூச்சி விடுவதாக இல்லை. தீபாவளி முடிந்த கையோடு முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். வெட்டியதில் தடித்த குச்சிகள் சிலவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று மண்ணில் ஊன்றி வைத்தேன்.

டிசம்பர் மழையில் கட்டையும் துளிர்த்தது, குச்சிகளும் துளிர்த்தன. "பிடிச்சிக்கிச்சு தம்பி" என்றார் பக்கத்துப் பாத்தி அக்கா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. முற்றிய தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தீரும்வரை வேர் இல்லாமலேயே இலை வரும். நினைத்தபடியே, நல்ல வெயில் அடித்ததும் குச்சிகளின் இலைகள் தொங்கிவிட்டன. பிடுங்கினால் அடியில் ஒரு வேர் இல்லை, சிலது அழுகியும் இருந்தது.

எனக்கு வேண்டியது கட்டையில் வந்த துளிர்கள்தான். இப்படிக் குட்டையாக வெட்டிய பிறகு வரும் இளந்தண்டுகள், பூத்துக் களைத்த பழைய கிளைகளைவிடச் சுலபமாக வேர் பிடிக்கும். அடிப்பக்கம் லேசாக முற்றத் தொடங்கியவையாக, மொட்டு வைக்காதவையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் பழைய பட்டையில் ஒரு சிறு சீவலோடு கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து, நாராகத் தொங்கியதை பிளேடால் நறுக்கினேன். உச்சியில் இரண்டு இலை மட்டும், அதுவும் பாதியாக.

தொட்டிக்குப் பதில், கவிழ்த்த கிண்ணம் போன்ற மூடியோடு வரும் பபிள் டீ பிளாஸ்டிக் கப். அடியில் ஓட்டை, உள்ளே தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் கல்துகளும் சரிபாதி. வேரில் வெளிச்சம் படாமல் இருக்க பழைய தமிழ் முரசு செய்தித்தாளைச் சுற்றினேன். அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டுமே, அதனால் எல்லாம் காலணி அலமாரி மேல். தட்டில் தண்ணீர் தேங்கவிடவில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தக் கொஞ்சம் போதும்.

தைப்பூசத்துக்குச் சற்று முன் தாளைப் பிரித்தால் கப் ஓரத்தில் வெள்ளை வேர்! மூடியைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து பழக்கி, அப்புறம் தொட்டிக்கு மாற்றினேன். வாடியவை போக மிச்சம் தெம்பாக நிற்கின்றன. அக்கா பூஜைக்கென்று இரண்டைக் கேட்டு வைத்திருக்கிறார்.

அடுத்தது காகிதப்பூ. அதன் வேர் தொட்டாலே முறியும், கப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.