கொடுத்த மாத்திரையும் விழுங்கிய மாத்திரையும்

பொது சுகாதாரத்தில் ஊட்டச்சத்து என்றவுடன் பலருக்கும் அங்கன்வாடியும் சத்துணவுக் கூடமும்தான் நினைவுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு அது பெரும்பாலும் மாத்திரை அட்டைகளாகவே வந்து சேர்கிறது. கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை, வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒன்றாக நீல நிற மாத்திரை, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, அதற்கும் சிறியவர்களுக்கு சிரப், இவற்றோடு கால்சியம், துத்தநாகம், வைட்டமின் ஏ, குடற்புழு நீக்க அல்பெண்டசோல் என அந்த வரிசை நீளும்.

இவை கிடைக்காததுதான் பிரச்சினை என்று கொங்குப் பகுதிக் கிராமம் ஒன்றில் வேலை பார்க்கும் என்னால் சொல்ல முடியாது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்த பிறகு, மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரப் பரிசோதனையில் தேறியவற்றை மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் கணக்கில், அதாவது ஒதுக்கிய தொகைக்குள் ஒரு கணக்குப் புத்தகத்தில் பதிந்து, வழங்கும் முறை வந்தது. சத்து மாத்திரைகள் தீர்ந்துபோய்க் கர்ப்பிணிகளைத் திருப்பி அனுப்புவது எங்கள் நிலையத்தில் அரிது. ஆனாலும் 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கும் ரத்த சோகை இருப்பதாகத் தெரிய வந்தது. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, முந்தைய ஆய்வின் 44.4 சதவீதத்தைவிட இது அதிகம். விரல் நுனி ரத்தத்தில் எடுத்த அளவு என்பதால் இந்தக் கணக்கைப் பற்றி விவாதம் உண்டு என்றாலும், கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் ஆய்வகச் சீட்டில் 9, 9.5 என்று வருவதைச் செவ்வாய்க்கிழமை தோறும் பார்க்கிறவருக்கு அந்த விவாதம் பெரிய ஆறுதலைத் தருவதில்லை.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கர்ப்பிணிகள் நாள். ஏழாம் மாதத்தில் இருந்த ஒரு பெண் மாதம் தவறாமல் வந்து மாத்திரை வாங்கிச் சென்றும் அவருக்கு ரத்த அளவு ஏறவே இல்லை. கூட்டம் குறைந்த பிறகு அவரை உட்கார வைத்து, "எப்பம்மா மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டேன். "காலையில டிபன் சாப்பிட்டுட்டு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுருவேன் மேடம், டீயோட" என்றார். இரும்புச்சத்தும் கால்சியமும் ஒரே வேளையில் உள்ளே போனால் கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். தேநீரில் உள்ள டானின் மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடும். ஆகவே, அவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் அதில் பெரும்பகுதி பயன்படாமல் போயிருக்கிறது. கூட வந்திருந்த மாமியாருக்கு வேறொரு கவலை இருந்தது. "ஏங்கண்ணு, இதைப் போட்டா கொழந்த கறுப்பாப் பொறக்குமாமே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு எழுந்த பயம் அது என்பது பேசப் பேசத்தான் விளங்கியது. இரும்பு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போடவும், கால்சியத்தைப் பகல் வேளைகளுக்கு மாற்றவும், கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளவும் சொன்னேன். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு, பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மாமியாரிடம் தனியாக எடுத்துச் சொன்னேன். வீட்டில் அவர் சொல்தான் செல்லும் என்பது பார்த்தாலே தெரிந்தது.

இத்தனைக்கும் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடம் எங்களிடம் வழக்கமாக இருப்பதில்லை, சிக்கலே அதுதான். பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநர் ஒருவர்தான். ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்பவர்களுக்கு மருந்து கொடுப்பது, தேவையான மருந்துகளைக் கேட்டுக் கிடங்குக்கு இன்டென்ட் போடுவது, காலாவதித் தேதி பார்த்து அடுக்குவது, துணை சுகாதார நிலையங்களுக்குப் பிரித்து அனுப்புவது, கணினியில் ஏற்றுவது ஆகிய எல்லாம் அவர் தலையில்தான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் களப்பணியாளர்களுக்கு எண்ணிக் கொடுப்பதும் சேர்ந்தது. அந்தத் திட்டம் நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; வேலை கூடிய அளவுக்கு ஆள் கூடவில்லை என்பதுதான் என் வருத்தம். 2022-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 889 மருந்தாளுநர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டதிலிருந்தே காலியிடங்களின் அளவை ஊகிக்கலாம். பக்கத்து நிலையத்தில் இடம் காலியானால் வாரத்தில் சில நாட்கள் அங்கே மாற்றுப் பணிக்குப் போக வேண்டும். அன்று இங்கே செவிலியர் தன் வேலைக்கு நடுவே மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் எங்கள் பதிவேட்டில் வரவு, வழங்கல், இருப்பு ஆகியவற்றுக்குத்தான் கட்டங்கள். ஆய்வுக் கூட்டத்தில் கேட்கப்படுவதும் எத்தனை மாத்திரை வழங்கினீர்கள் என்பதுதான். எத்தனை விழுங்கப்பட்டன என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் கணக்கில்லை.

இதே நிலைதான் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் முதியவர்களுக்கும். பல ஆண்டுகள் அதை எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதனாலும் கால் மரத்துப்போகலாம் என்பதை மறந்து, அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் இரும்புச்சத்து சிரப் இருப்பதால், சிரப் வந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டாம், கேட்டால் போதும்.

கேட்பதற்கு ஆள் வேண்டும் அல்லவா? மருந்தாளுநர் பட்டயப் படிப்பான டி.ஃபார்ம் முடிப்பவர்கள் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை அட்டை எண்ணவும் பெட்டி தூக்கவும் விடுவதே பல இடங்களில் வழக்கம். சான்றிதழில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களும் போய்விடுவார்கள். இப்போது நான் செவ்வாய்க்கிழமைகளில் அவர்களைக் கவுன்டருக்கு வெளியே, காத்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். மாத்திரை எப்போது போடுகிறார்கள், அதோடு என்ன குடிக்கிறார்கள், வீட்டில் எத்தனை அட்டை மிச்சம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை ஓ.பி. சீட்டின் பின்புறம் குறித்து அனுப்புகிறார்கள். மிச்சம் அதிகம் இருப்பவர்களுக்குப் புது அட்டை கொடுப்பதற்கு முன் நான் பேசுகிறேன். வழங்கிய எண்ணிக்கை இதனால் சற்றுக் குறையத்தான் செய்கிறது. அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அதற்கு விளக்கம் கேட்டால் கொடுப்பதற்காக அந்தக் குறிப்புகளைத் தனியே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.