குச்சிக்கும் கல்லுக்கும் ஒரு கட்டணம்

காட்டில் மாட்டிக்கொண்டால் பிழைப்பது எப்படி என்று சொல்லித்தரும் முகாமுக்குப் போய்விட்டு நேற்றிரவுதான் திரும்பினேன். போகும் வழி, செலவு, அங்கே கற்றுக்கொண்ட கல் அடார் (கல்லை விழவைத்துப் பிராணியைப் பிடிக்கும் பொறி) என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் 'உபகரணக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை வாங்கினார்களே, அந்த எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். உபகரணம் என்ன தெரியுமா? காட்டில் கிடக்கும் குச்சியும் கல்லும். பொறுக்கியதும் நாங்களேதான். கத்திகூட அவரவர் கொண்டுவர வேண்டும்.

அதற்கு முன்னால் வேன்காரர். ஆளுக்கு இவ்வளவு என்று பேசித்தான் ஏற்றினார். இறங்கும்போது பைக்குத் தனியாகக் கேட்டார், மடியிலேயே வைத்திருந்த பைக்கும் சேர்த்து! திரும்பி வர வேறு வண்டி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கொடுத்துத் தொலைத்தேன். சாப்பாட்டுக்கு ஒதுக்கியதில் பாதி அங்கேயே போனது.

சரி, இத்தனைக்கும் பிறகு ஏன் சந்தோஷமாக இருக்கிறேன் என்றால், கல் அடார்! கனமான தட்டைக்கல்லைச் சாய்த்து, குச்சிகளால் முட்டுக்கொடுத்து, ஒரு குச்சியின் நுனியில் இரை வைப்பார்கள். எலி மாதிரிச் சிறு பிராணி இரையைத் தொட்டால் முட்டு கழன்று கல் விழும். காட்டுப்பன்றிக்கு வைத்த கல் அடாரில் புலி மாட்டியதைச் சங்கப் பாட்டிலேயே பாடியிருக்கிறார்கள். அவ்வளவு பழைய வித்தை.

முதலில் 4 வடிவப் பொறி. கயிறே வேண்டாம். நிற்க ஒன்று, சாய்ந்திருக்க ஒன்று, கிடையாக ஒன்று, மூன்றே குச்சிகள். பக்கவாட்டில் பார்த்தால் 4 என்ற எண் போலவே இருக்கும். நிற்கும் குச்சியின் தலையில் சாய்வுக்குச்சி உட்காரும். கல் அதன் மேல்நுனியை அழுத்த, கீழ்நுனி வெளியே துள்ளப் பார்க்கும். அந்தக் கீழ்நுனியைக் கிடைக்குச்சியின் வால்பக்கம் செதுக்கிய வெட்டு பிடித்துக்கொள்ளும். கிடைக்குச்சி நடுவில் ஒரு சதுர வெட்டால் நிற்கும் குச்சியைக் கவ்வியிருக்கும். விழத் துடிக்கும் கல்லின் பாரமே மூன்றையும் பூட்டிவைக்கிறது! இதைக் கண்ணெதிரே பார்த்தபோது கட்டணம், வேன் எல்லாம் மறந்துவிட்டது.

ஆனால் வெட்டுகள் கச்சிதமாக இருக்க வேண்டும். ஆழம் கூடினால் பொறி இறுகிப்போய், இரையைப் பிடித்து இழுத்தாலும் அசையாது. சில சமயம் கழன்ற குச்சியே கல்லுக்கடியில் மாட்டி, கல்லைத் தூக்கிப் பிடித்துவிடும். அதனால் என் ஓட்டு பையூட் பொறிக்குத்தான். அமெரிக்காவின் கிரேட் பேசின் பகுதிப் பழங்குடிகளான பையூட் மக்களின் பெயரில் வழங்குவது. இதில் சாய்வுக்குச்சியின் கீழ்நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஒரு சின்னக் கட்டை. கயிற்றை நிற்கும் குச்சியைச் சுற்றிக் கொண்டுவந்து, கட்டை விலகாதபடி மெல்லிய ஈர்க்கு ஒன்றைக் கட்டைக்கும் கல்லின் அடிப்பக்கத்துக்கும் நடுவே கொடுக்க வேண்டும். இரை இருப்பது அந்த ஈர்க்கில். லேசாகப் பட்டால் போதும், கட்டை சுழன்று விடுபட, கல் படாரென்று இறங்கும். நாங்கள் சோதித்தது காலி பிளாஸ்டிக் பாட்டிலை வைத்து. அப்பளமாகிவிட்டது.

கல்லின் எடை பிராணியின் எடையைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு இருக்கட்டும் என்பது பொதுவான கணக்கு. அடியில் இன்னொரு தட்டைக்கல்லைப் பதிக்க வேண்டும். வெறும் மண்ணென்றால் பிராணி மண்ணுக்குள் அமுங்கித் தப்பிவிடும், அல்லது குற்றுயிராகக் கிடந்து வதைபடும். பொறியைப் பூட்டும்போது தனியாக ஒரு தடித்த கட்டையை முட்டுக்கொடுத்து, பக்கத்திலிருந்து வேலை செய்ய வேண்டும். விரல் நசுங்கினால் காட்டில் வைத்தியர் கிடையாது.

'ஒரு பொறி, இரவு உணவு உறுதி' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது சுத்தப் புளுகு. பல இடங்களில் வைத்தாலும் பெரும்பாலானவை காலியாகத்தான் கிடக்கும் என்று பயிற்சியாளரே சொன்னார். ஆபத்தில் முதலில் வேண்டியது குளிர் மழைக்கு ஒதுங்க ஓர் இடம், அப்புறம் தண்ணீர். சாப்பாடு இல்லாமல் மூன்று வாரம்கூட ஓட்டலாம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாண்டுவது கஷ்டம். அதை விட்டுவிட்டு முதல் நாளே குச்சி சீவ உட்கார்ந்தால் தெம்புதான் வீண். இன்னொன்று, பல நாடுகளில் இப்படிப் பொறி வைப்பது சட்டப்படி குற்றம். பயிற்சிக்கு வைத்ததையும் கிளம்பும் முன் கலைத்தாக வேண்டும். ஆளில்லாத அடார் எந்த உயிர் வந்தாலும் விழும்.

போகிறவர்கள் கத்தியை நன்றாகத் தீட்டி எடுத்துப் போங்கள், முகாமில் சாணைக்கல் இல்லை. கொஞ்சம் கயிறும் கொண்டு போங்கள், அதையும் விலைக்குத்தான் தருகிறார்கள். வாடகைக் கூடாரம் மட்டும் எடுத்துவிடாதீர்கள், மழை வந்தால் ஒழுகுகிறது.